கிட்புரூக் ஸ்கூலைப் பத்தியும் ஒரு பக்கம் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல லண்டன் தமிழ்ப் பிள்ளைங்க லெவன் பிளஸ்ங்கிற நுழைவுப் பரீட்சை பாஸ் பண்ணி, நல்லா படிக்கிறவங்களை மட்டும் எடுக்கிற கிராமர் ஸ்கூல்ல இடம் வாங்கினதைப் பத்தி பெருசா கட்டுரை போட்டிருந்தீங்க, போட்டோவெல்லாம் பாத்தேன், பிள்ளைங்க முகத்தைப் பாக்க சந்தோஷமாத்தான் இருந்துச்சு, எனக்கு அதுல வயித்தெரிச்சல் ஒண்ணும் கிடையாது. ஆனா நடுவுல ஒரு இடத்துல, கிராமர் கிடைக்காதவங்க பக்கத்துல இருக்கிற, பரீட்சை வைக்காம எல்லாரையும் சேக்கிற காம்ப்ரிஹென்சிவ்ல போய் விழ வேண்டியதுதான்னு ஒரு தொனியில எழுதிட்டீங்க பாருங்க, அந்த "விழ" தான் சார் ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. அந்த காம்ப்ரிஹென்சிவ் ஸ்கூல் எதுக்கு வந்துச்சு, யார் கட்டினா, யார் தடுத்தான்னு தெரிஞ்சா அப்படி எழுதியிருக்க மாட்டீங்க. நான் தென்கிழக்கு லண்டன்ல எல்தம்ல இருக்கேன், ஒரு ஸ்கூல் கிச்சன்ல வேலை பாக்கிறேன், பெரிய படிப்பு கிடையாது, ஆனா நம்ம ஏரியா லைப்ரரியில உள்ளூர் சரித்திரம் அலமாரியில இருக்கிறதை படிக்கிற பழக்கம் உண்டு. அதான் எழுதுறேன், நீளமாயிடும், வெட்டுறதா இருந்தா கடைசியில வெட்டாதீங்க, விஷயம் அங்கதான் இருக்கு.

எங்க வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல கிட்புரூக்னு ஒரு ஏரியா. அங்க கொரெல்லி ரோட்ல ஒரு ஸ்கூல் இருக்கு, இப்ப பேரு ஹாலி அகாடமி. 1954 செப்டம்பர்ல அதை திறந்தப்போ பேரு கிட்புரூக் ஸ்கூல். ரெண்டாயிரம் பொண்ணுங்க படிக்கணும்னு கட்டினது. லண்டன்ல காம்ப்ரிஹென்சிவ்வா நடத்தணும்னே அஸ்திவாரத்துல இருந்து புதுசா கட்டின முதல் ஸ்கூல் அதுதான். கண்ணாடியும் கான்கிரீட்டுமா அந்தக் காலத்துக்கு ரொம்ப மாடர்னான பில்டிங், மண்டபத்துக்கு மேல காப்பர் தகடு போட்ட டோம். போர் முடிஞ்சு ஒன்பது வருஷம்தான் ஆயிருக்கு, இறைச்சிக்கு இருந்த ரேஷனையே அந்த வருஷம் ஜூலையிலதான் எடுத்தாங்க, அப்பேர்ப்பட்ட நேரத்துல சாதாரண வீட்டுப் பொண்ணுங்களுக்குன்னு இப்படி ஒரு கட்டடம் எழும்புச்சுன்னா அந்த ஊர்க்காரங்க எப்படிப் பாத்திருப்பாங்கன்னு யோசிங்க. பாதிப்பேர் வாயைப் பிளந்தாங்க, பாதிப்பேர் இது ஸ்கூலா ஃபேக்டரியான்னு திட்டினாங்க.

ஏன் ரெண்டாயிரம்? எனக்கும் முதல்ல இது புரியல, பந்தாவுக்கு பெருசா கட்டினாங்கன்னுதான் நெனச்சேன். கணக்கு வேற. 1944 கல்விச் சட்டத்துக்கு அப்புறம் இங்கிலாந்து முழுக்க எல்லாருக்கும் செகண்டரி படிப்பு இலவசம்னு ஆச்சு, ஆனா பதினோரு வயசுல ஒரு பரீட்சை வச்சு பிள்ளைங்களை பிரிச்சிட்டாங்க, மேல வந்த அஞ்சுல ஒரு பங்கு சுமாரா கிராமர் ஸ்கூலுக்கு, கொஞ்சம் பேர் டெக்னிக்கலுக்கு, மிச்சம் இருக்கிற பெரிய கூட்டம் செகண்டரி மாடர்ன் ஸ்கூலுக்கு. பதினோரு வயசு சார்! அப்போ லண்டன் ஸ்கூல்களைப் பாத்துக்கிட்ட லண்டன் கவுண்டி கவுன்சில் மட்டும் 1944லயே நாங்க இப்படிப் பிரிக்க மாட்டோம், எல்லாரையும் ஒரே ஸ்கூல்ல வைப்போம்னு முடிவு பண்ணுச்சு, 1947ல லண்டன் ஸ்கூல் பிளான்னு எழுதியே வச்சாங்க. அப்போ அங்க கல்வி அதிகாரியா இருந்தவர் கிரகாம் சாவேஜ், அவர் 1920கள்லயே அமெரிக்கா போய் அங்க எல்லாரும் ஒண்ணா படிக்கிற ஹைஸ்கூலைப் பாத்துட்டு வந்தவர். இப்ப கணக்குக்கு வருவோம். பிரிக்காம சேத்தா ஒரு ஸ்கூல்ல பதினெட்டு வயசு வரைக்கும் படிக்க நிக்கிற பிள்ளைங்க கொஞ்சமாத்தான் இருப்பாங்க, மத்தவங்க பதினஞ்சுல வேலைக்குப் போயிடுவாங்க, அப்போ சட்டமே அதான். லத்தீன் படிக்கணும்னு நாலு பொண்ணு, பிசிக்ஸ்னு ஆறு பொண்ணு, இதுக்கெல்லாம் தனித்தனி டீச்சர் போடணும்னா கீழ கிளாஸ்ல கூட்டம் பெருசா இருக்கணும். மேல பதினாறு, பதினெட்டு வயசுக்காரங்களுக்கு ஒரு உருப்படியான சிக்ஸ்த் ஃபார்ம் வேணும்னா கீழ ரெண்டாயிரம் பேர் வேணும். அவ்வளவுதான் ரகசியம். பெருசா இருந்ததுக்கு காரணமே யாரையும் வெளிய விடக்கூடாதுங்கிறதுதான்.

ஆனா அந்தக் கணக்குல ஒரு முக்கியமான துண்டு இருந்துச்சு. பக்கத்துல இருந்த சின்னச் சின்ன பெண்கள் ஸ்கூல்களை மூடி கிட்புரூக்ல சேக்கிறதோட, எல்தம் ஹில்னு ஒரு பெண்கள் கிராமர் ஸ்கூலையும் மூடி உள்ள கொண்டு வரணும். அப்பதான் நல்லா படிக்கிற பிள்ளை, சுமாரா படிக்கிற பிள்ளை, கையில வேலை தெரிஞ்ச பிள்ளை எல்லாம் ஒரே வாசல்ல நுழையும். கவுன்சில் லேபர் கட்சி கையில, நாட்டு அரசாங்கம் கன்சர்வேட்டிவ் கையில. ஒரு ஸ்கூலை மூடணும்னா 1944 சட்டப்படி நோட்டீஸ் ஒட்டி, ஊர்க்காரங்க எதிர்ப்பு சொல்ல டைம் குடுத்து, அமைச்சர் கையெழுத்து வாங்கணும். எல்தம் ஹில் பெற்றோர் விடுவாங்களா, மனு போட்டாங்க, கூட்டம் போட்டாங்க. கல்வி அமைச்சர் ஃபுளோரன்ஸ் ஹார்ஸ்ப்ரோ, கன்சர்வேட்டிவ் கட்சியில முதன்முதலா கேபினட்ல உக்காந்த பெண்மணி அவங்கதான், 1954ல கிட்புரூக் திறக்க சில மாசம் இருக்கும்போது எல்தம் ஹில்லை மூட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கட்டடம் நிக்குது, டீச்சருங்க வந்தாச்சு, யூனிஃபார்ம் தைச்சாச்சு, எல்தம் ஹில்லோட நல்லா படிக்கிற பிள்ளைங்க மட்டும் வரல.

இதைப் படிச்சப்போ எனக்கு அந்தப் பெற்றோர் மேல கோவம் வரல, அதையும் சொல்லிடணும். தன் பொண்ணு கஷ்டப்பட்டு பாஸ் பண்ணி வாங்கின இடத்தை, இன்னும் ஈரம் காயாத ஒரு பில்டிங்கை நம்பி விட்டுக்கொடுன்னு சொன்னா நானா இருந்தாலும் யோசிப்பேன். ஆனா அன்னைக்கு நடந்த அந்த ஒரு முடிவுதான் அடுத்த எழுபது வருஷத்துக்கு அந்த ஸ்கூலோட தலையெழுத்து ஆயிடுச்சுங்கிறது என் எண்ணம். எல்லாருக்கும்னு கட்டின ஸ்கூல்ல எல்லாரும் வரல. பால் காய்ச்சி ஏட்டை எடுத்துட்டு மிச்சத்தைக் குடுத்து, ஏன்டா தயிர் கெட்டியா இல்லன்னு கேக்கிற கதைதான். காம்ப்ரிஹென்சிவ் நல்லா இல்ல, காம்ப்ரிஹென்சிவ் ரிசல்ட் கம்மின்னு அப்போல இருந்து பேசுறாங்களே, அதுல பாதி விஷயம் இதுதான்.

அப்படி இருந்தும் அந்த ஸ்கூலை ஒரு அம்மா தூக்கி நிறுத்தினாங்க. மேரி கிரீன். பிரிஸ்டல்ல கோல்ஸ்டன்ஸ்னு பேர் வாங்கின பெண்கள் ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க, அதை விட்டுட்டு ஊரே சந்தேகமாப் பாக்கிற இந்த புது ஸ்கூலுக்கு வந்தாங்க. 1954ல இருந்து 1973 வரைக்கும் அவங்கதான் ஹெட். 1968ல டேம் பட்டம் குடுத்தாங்க, ஆம்பளைங்களுக்கு சர் பட்டம் மாதிரி. அந்தக் காலத்துல நாடு பூரா இருந்த முதல் கேள்வி, ரெண்டாயிரம் பிள்ளையில ஒரு பிள்ளையை யார் பேர் சொல்லிக் கூப்பிடுவா, தொலைஞ்சு போயிடாதா அப்படிங்கிறது. நியாயமான கேள்வி. லண்டன்ல அப்ப வந்த பெரிய ஸ்கூல்கள் எல்லாம் இதுக்கு ஒரே மாதிரி ஒரு வழி பண்ணாங்க, ஸ்கூலை உள்ளுக்குள்ள ஹவுஸ் ஹவுஸா, டியூட்டர் குரூப்பா பிரிச்சு, ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் தெரிஞ்ச ஒரு டீச்சர் இருக்கிற மாதிரி வச்சாங்க. இன்னைக்கு இங்கிலாந்துல எந்த செகண்டரி ஸ்கூலுக்குப் போனாலும் டியூட்டர், ஹெட் ஆஃப் இயர்னு சொல்றாங்களே, பெரிய ஸ்கூல் நடத்தி நடத்தி கத்துக்கிட்ட பழக்கம் அது.

வெள்ளைக்கார ஊருன்னா எல்லாம் பிளான் போட்ட மாதிரி நடக்கும்னு நம்ம ஆளுங்க நெனைக்கிறாங்க. அப்படியில்ல. 1964ல லேபர் அரசாங்கம் வந்துச்சு, 1965ல ஆந்தனி கிராஸ்லேண்ட் கல்வி அமைச்சரா இருந்தப்போ ஒரு சர்க்குலர் விட்டாங்க, நாடு முழுக்க காம்ப்ரிஹென்சிவ் முறைக்கு மாறுங்கன்னு, ஆனா கேட்டுக்கிறோம்னு போட்டாங்களே தவிர கட்டாயம்னு போடல. அதே வருஷம் லண்டன் எல்லையையும் மாத்தினாங்க. எல்தம், கிட்புரூக் எல்லாம் இருக்கிற கிரீனிச் உள் லண்டன்ல போச்சு, அங்க கல்வி முழுக்க இன்னர் லண்டன் எஜுகேஷன் அத்தாரிட்டி கையில. பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற பெக்ஸ்லி வெளி லண்டன்ல போச்சு. கிரீனிச் பக்கம் 1970கள்ல கிராமர் ஸ்கூலெல்லாம் காம்ப்ரிஹென்சிவ் ஆயிடுச்சு, கடைசியில எல்தம் ஹில்லும்தான். பெக்ஸ்லி பக்கம் நாலு கிராமர் ஸ்கூல் அப்படியே நின்னுடுச்சு, இன்னைக்கும் நிக்குது. ஒரே பஸ் ரூட்டு, நடுவுல ஒரு கோடு. 1989ல இன்னொரு விஷயம் நடந்துச்சு, கிரீனிச் கவுன்சில் எங்க ஏரியா பிள்ளைங்களுக்குத்தான் முதல் இடம்னு சொன்னதை எதிர்த்து பக்கத்து லூயிஷம் பக்கத்து பெற்றோர் கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சாங்க, அதுல இருந்து எந்த கவுன்சிலும் நம்ம எல்லைக்குள்ள இருக்கிறவன், வெளியாளுன்னு பாகுபாடு பாக்க முடியாது. கிரீனிச் தீர்ப்புன்னே பேரு. அதனாலதான் சார் எல்தம்ல இருக்கிற நம்ம தமிழ்ப் பிள்ளைங்க பெக்ஸ்லி கிராமர் டெஸ்ட் எழுதுது. உங்க கட்டுரையில இருந்த பிள்ளைங்களும் அந்த வழியிலதான் போயிருக்கும். 1954ல அமைச்சர் பண்ணதை இப்ப நாம டியூஷன் ஃபீஸ் கட்டி பண்ணிக்கிட்டு இருக்கோம்.

சரி கிட்புரூக்குக்கு வர்றேன். 1971ல பக்கத்துலயே தாமஸ் டாலிஸ்னு இன்னொரு காம்ப்ரிஹென்சிவ் திறந்தாங்க, அதே கிட்புரூக்ல ஃபெரியர் எஸ்டேட்னு பெரிய கவுன்சில் குடியிருப்பு எழும்புச்சு, ஆயிரக்கணக்குல வீடு. அந்த எஸ்டேட் வர வர பேர் கெட்டுப் போச்சு, ரிப்பேர் பாக்க ஆள் இல்ல, வசதி இருக்கிறவங்க கிளம்பிட்டாங்க. ஸ்கூலை சுத்தி ஊர் எப்படியோ ஸ்கூலும் அப்படித்தானே. பொண்ணுங்க மட்டும் படிச்ச இடத்துல 1980கள்ல பசங்களையும் சேத்தாங்க. 1990ல இன்னர் லண்டன் அத்தாரிட்டியையே கலைச்சிட்டாங்க. அதுக்கப்புறம் ரிசல்ட் பட்டியல் பேப்பர்ல வர ஆரம்பிச்சு எல்லாரும் நம்பர் பாத்து ஸ்கூல் தேட ஆரம்பிச்சாங்க. இதுக்கு மேல நான் இந்தப் பகுதியை நீட்டல.

நான் நீட்டணும்னு நெனைக்கிறது 2005. ஏன்னா அது என் தொழில். டிவி சமையல்காரர் ஜேமி ஆலிவர் பிள்ளைங்க ஸ்கூல்ல என்ன சாப்பிடுதுன்னு ஒரு சீரிஸ் எடுத்தாரே, அதுல வந்த ஸ்கூல் இதே கிட்புரூக்தான். அங்க கிச்சன் ஹெட்டா இருந்தவங்க நோரா சாண்ட்ஸ், அயர்லாந்துக்காரம்மா, கேமரா முன்னாடியே ஜேமியை ஒரு பிடி பிடிப்பாங்க, சூப்பரா இருக்கும். ஒரு பிள்ளையோட மதிய சாப்பாட்டுல சாமானுக்கு மட்டும் 37 பென்ஸ். வெளிய ஒரு பாக்கெட் சிப்ஸ் விலை. அந்தக் காசுல என்ன போட முடியும்? ஃபிரீசர்ல இருந்து எடு, அவன்ல தள்ளு, ட்ரேயில கொட்டு, டர்க்கி ட்விஸ்லர்னு வான்கோழிக் கறியில செஞ்சது ஒண்ணு, சிப்ஸு, அவ்வளவுதான். கத்தியே எடுக்க வேண்டியதில்ல. இது கிச்சன்காரங்க சோம்பேறித்தனம்னு நெனைச்சுடாதீங்க. 1980ல சட்டம் மாத்தி சாப்பாட்டுக்கு இருந்த சத்து அளவெல்லாம் எடுத்துட்டாங்க, இலவசச் சாப்பாடு வாங்க வேண்டிய பிள்ளைங்களைத் தவிர மத்தவங்களுக்கு கவுன்சில் சமைச்சே ஆகணும்ங்கிற கட்டாயமும் போச்சு. அப்புறம் டெண்டர் விட்டாங்க. யார் கம்மியா கேக்கிறானோ அவனுக்கு காண்ட்ராக்ட். கிச்சன் வேலை நேரத்தையும் வெட்டிட்டாங்க. காய் நறுக்க நேரம் குடுக்காம காய் ஏன் இல்லன்னு கேட்டா?

அந்த சீரிஸ் வந்தப்புறம் 2,70,000க்கு மேல கையெழுத்து வாங்கி பிரதமர் இருக்கிற டவுனிங் ஸ்ட்ரீட்ல குடுத்தாங்க, டோனி பிளேர் அரசாங்கம் 280 மில்லியன் பவுண்ட் ஒதுக்குச்சு, பிரைமரியில 50 பென்ஸ், செகண்டரியில 60 பென்ஸாவது சாமானுக்கு செலவு பண்ணணும்னு சொன்னாங்க, 2006 செப்டம்பர்ல இருந்து புது உணவு விதி வந்துச்சு. இதெல்லாம் டிவியில வந்தது, எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா புது சாப்பாடு வந்ததும் சாப்பிடுற பிள்ளைங்க எண்ணிக்கை முதல்ல பல இடத்துல குறைஞ்சுது. ராதரம்னு வடக்குல ஒரு ஊர்ல அம்மாக்கள் ஸ்கூல் வேலி வழியா பர்கரும் சிப்ஸும் கைமாத்தினாங்க, பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. மெதுவாத்தான் பழகினாங்க. பின்னாடி ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கிரீனிச் பிரைமரி ஸ்கூல் கணக்கை எடுத்துப் பாத்து, சாப்பாடு மாறினப்புறம் இங்கிலீஷ், சயின்ஸ் ரிசல்ட் ஏறியிருக்கு, உடம்பு சரியில்லன்னு லீவு போடுறதும் குறைஞ்சிருக்குன்னு எழுதினாங்க. நான் வேலை பாக்கிற கிச்சன்ல இன்னைக்கும் வெங்காயம் நறுக்கித்தான் குழம்பு வைக்கிறோம்னா, கொரெல்லி ரோட்ல நடந்த அந்த சண்டைக்கு அதுல பங்கு உண்டு. எந்த கிராமர் ஸ்கூலும் நாட்டுக்கு இதைக் குடுக்கல, சும்மா சொல்றேன்.

அதுக்கப்புறம் பேர் மாத்தம். 2011ல அகாடமியா மாறி கொரெல்லி காலேஜ்னு ஆச்சு, தெருப் பேரையே வச்சுட்டாங்க. கவுன்சில் கையில இருந்து போய் நேரா அரசாங்கத்துக்கிட்ட பணம் வாங்குற முறை அது. 2018ல லீ அகாடமிஸ் டிரஸ்ட்னு கென்ட் பக்கத்து டிரஸ்ட் எடுத்துச்சு, ஹாலி அகாடமின்னு வச்சாங்க. வால்நட்சத்திரம் ஹாலி இருக்காரே, அவர் கல்லறை இங்க பக்கத்துல லீங்கிற இடத்துல செயின்ட் மார்கரெட்ஸ் சர்ச்சோட பழைய கல்லறைத் தோட்டத்துலதான் இருக்கு, அதனால பேர் ஒண்ணும் ஒட்டாம இல்ல. அந்த டிரஸ்ட் தன் பெரிய ஸ்கூல்களை எப்படி நடத்துதுன்னு பாத்தா, ஒரு ஸ்கூலை உள்ளுக்குள்ள சின்னச் சின்ன காலேஜா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொறுப்பாளர் போட்டு நடத்துறாங்க. 1950கள்ல லண்டன் பெரிய ஸ்கூல்கள் பண்ணதும் கிட்டத்தட்ட அதேதான். அந்த ஃபெரியர் எஸ்டேட்டை இடிச்சுட்டு இப்ப கிட்புரூக் வில்லேஜ்னு கண்ணாடி அடுக்குமாடி எழுப்பியிருக்காங்க, அங்க ஒரு ஃபிளாட் விலையைக் கேட்டா தலை சுத்தும். எல்தம் ஹில் மட்டும் அதே பேர்ல, இன்னமும் பெண்கள் ஸ்கூலா, ஆனா காம்ப்ரிஹென்சிவ்வா நடக்குது. மூடக்கூடாதுன்னு சண்டை போட்ட ஸ்கூல் பேரோட நிக்குது, அதை முழுங்க வேண்டிய ஸ்கூல் ரெண்டு தடவை பேர் மாறிடுச்சு. எல்தம் ஹில்லைக் காப்பாத்தினது அதோட பேரை நேசிச்ச பெற்றோர். கிட்புரூக்குக்கு அப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்ன ஆளுங்க எத்தனை பேர் இருந்தாங்க? கவுன்சில் கட்டுச்சு, அரசாங்கம் மாத்துச்சு, டிரஸ்ட் எடுத்துச்சு. பெற்றோர் எல்லாம் வாசல்லயே நின்னு லீக் டேபிள்ங்கிற ரிசல்ட் பட்டியல் பாத்துக்கிட்டு இருந்தோம்.

இதைத்தான் சார் நான் சொல்ல வந்தது. உங்க கட்டுரை, அந்த மாதிரி ஸ்கூல்ல ரிசல்ட் ஏன் கம்மின்னு கேக்குது. யார் உள்ள வர்றாங்க, யாரை வெளிய கூட்டிட்டுப் போறோம்னு கேக்கல. எங்க பக்கத்துல நாலாம் வகுப்புல இருந்தே பிள்ளைங்களுக்கு சனி ஞாயிறு கிடையாது, கிராமர் டெஸ்ட்டுக்கு வர்ற வெர்பல் ரீசனிங், நான்-வெர்பல் ரீசனிங்னு மாடி ரூம்ல உக்காந்திருக்குதுங்க. டெஸ்ட்ல கிடைக்காத பிள்ளை பதினோரு வயசுல நான் தோத்துட்டேன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் பக்கத்து ஸ்கூலுக்குள்ள முதல் நாள் போகுது. அந்த நெனப்பை பிள்ளைக்குக் குடுத்தது ஸ்கூல் இல்ல, நாமதான், கோயில்ல பாத்தாக்கூட "எந்த ஸ்கூல் கிடைச்சுது"ன்னு கேட்டுட்டு பதிலைக் கேட்டதும் மூஞ்சி மாறுற நாமதான்.

கிராமருக்கு அனுப்பாதீங்கன்னு நான் யாருக்கும் சொல்லல, அவங்க அவங்க இஷ்டம். உங்களுக்கு ஒரு வேண்டுகோள்தான். செகண்டரி ஸ்கூல் ஃபார்ம் அனுப்ப அக்டோபர் 31 கடைசி தேதி, இடம் எதுன்னு மார்ச் 1 வாக்குல சொல்வாங்க. அதுக்கு முன்னாடி செப்டம்பர், அக்டோபர்ல எல்லா ஸ்கூலும் ஓபன் ஈவினிங் வைக்கும், சாயங்காலம் போய் கிளாஸ், லேப், டாய்லெட், சாப்பாட்டு ஹால் எல்லாம் சுத்திப் பாக்கலாம், டீச்சர்கிட்ட நேரா பேசலாம், பைசா கிடையாது. நம்ம ஆளுங்க கிராமர் ஓபன் ஈவினிங்குக்கு குடும்பத்தோட போறாங்க, பக்கத்து ஸ்கூலுக்கு எட்டிக்கூட பாக்கிறதில்ல. அடுத்த செப்டம்பர்ல உங்க நிருபரை அந்த மாதிரி ரெண்டு மூணு காம்ப்ரிஹென்சிவ்வுக்கு அனுப்புங்க, அங்க படிக்கிற நம்ம பிள்ளைங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க, அவங்ககிட்ட பேசி, அதே ஞாயித்துக்கிழமை இணைப்புல அதே அளவு போட்டோ போட்டு ஒரு பக்கம் எழுதுங்க. போகும்போது மறக்காம கிச்சனுக்குள்ளயும் ஒரு நடை போகச் சொல்லுங்க, இன்னைக்கு ஒரு தட்டுக்கு எத்தனை பென்ஸ்னு கேக்கச் சொல்லுங்க, விலைவாசி ஏறினதுல மறுபடி கை கட்டிப் போட்ட மாதிரிதான் இருக்கு.

இப்படிக்கு,
உங்க பேப்பரை ரொம்ப வருஷமா படிக்கிற வாசகி,
எல்தம், தென்கிழக்கு லண்டன்